ஊசி போட்டு வந்தவருக்குக் கண் இமை தொங்குகிறதா?

சென்னையிலோ புதுச்சேரியிலோ புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி ஊசி போட்டுக்கொண்டு செஞ்சிக்குத் திரும்புகிறார் ஒருவர். சில வாரம் கழித்து ஒரு கண் இமை தொங்குகிறது. எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. சோறு விழுங்கக் கஷ்டம். வீட்டில் 'பஸ் அலைச்சல்' என்று விட்டுவிடுவார்கள்.

பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகளின் வேலையே நம் எதிர்ப்பு சக்தியின் பிரேக்கை எடுத்துவிடுவதுதான். (இப்படி பிரேக்கை எடுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் வழியைக் கண்டறிந்த ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல்.) அது அபூர்வமாக நரம்பும் தசையும் சேருமிடத்தைத் தாக்கினால், மயஸ்தீனியா கிராவிஸ். மூச்சுத் தசையும் தளரலாம், இதயத் தசையும் கூடவே பாதிக்கலாம்.

சீக்கிரம் தெரிந்தால் ஊசியை நிறுத்தி, ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் கொடுத்துப் பலரை மீட்கிறார்கள். உள்ளூர் டாக்டரிடம் 'கீமோ போட்டோம்' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். கடைசி ஊசி போட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தாலும்தான்.