மாறாத உலகமும் மறைக்கப்பட்ட கைகளும்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நமது வாலிபர்கள் இரவெல்லாம் கண்விழித்து ஆடும் கணினி விளையாட்டுகளை நாமும் அருகிருந்து பார்த்தோம். அவற்றுள் ஒரு மாய உலகம் உண்டு. ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஒரு சக்கரவர்த்தி கோட்டை கட்டினான் என்று கதை தொடங்கும். ஆயிரம் வருஷங் கழித்துக் கதாநாயகன் வந்து நிற்பான். அதே கோட்டை, அதே வாள், அதே குதிரை! 2006-ல் வந்த 'ஒப்லிவியன்' கதைக்கும் 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' கதைக்கும் இடையே இருநூறு வருஷங்கள் சென்றுவிட்டனவாம். அரசர்கள் மாண்டார்கள், வமிசங்கள் அழிந்தன. வில்லும் வாளும் மட்டும் அப்படியே இருந்தன.

இஃது அந்நியர் கட்டிய கற்பனை, நமக்கென்ன என்று இருந்துவிடலாம். ஆனால் நம் வீட்டுக் கூத்து இதைவிட மோசமன்றோ! கரிகாலன், மகேந்திர பல்லவன், இராசராசன், திருமலை நாயக்கர் ஆகியோர் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு வருஷங்களில் பரந்து வாழ்ந்தவர்கள். நமது நாடகங்களிலும் சினிமாக்களிலுமோ இவர்கள் ஒரே அரண்மனையில் குடியிருக்கிறார்கள். தூணும் வளைவும் ஒன்று. சரிகைத் துணியும் ஒன்று. 1799-ல் ஆங்கிலேயரின் பீரங்கியை எதிர்த்து நின்ற பாஞ்சாலங்குறிச்சி ஒரு மண்கோட்டை. இடிக்கப்பட்ட அக்கோட்டையை ஊமைத்துரையும் அவரைச் சேர்ந்த ஜனங்களும் 1801-ல் சில நாட்களுக்குள் மீண்டும் எழுப்பினார்கள். மண்ணாக இருந்ததனாலன்றோ அது முடிந்தது! 1959-ல் கட்டபொம்மன் கதையைச் சினிமாவாக்கியவர்களுக்கு அந்த மண் போதவில்லை. இராஜஸ்தானத்துக்குப் போய்ப் படம் பிடித்தார்கள்.

உண்மை யாது? ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரன் மண்டகப்பட்டில் ஒரு குகைக் கோயிலைக் குடைந்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி இதைச் செய்தோம் என்று கல்லிலேயே வெட்டி வைத்தான். அவன் பெருமை கொண்டது பழமையில் அன்று, புதுமையில்! அவனுக்குப் பின்வந்த இராசசிம்மன் காஞ்சியில் கல்லை அடுக்கிக் கோயில் கட்டினான். 1010-ல் தஞ்சை விமானம் இருநூறு அடிக்கு மேல் எழுந்தது. அங்கே விமானம் பெரிது, வாயிற்கோபுரம் சிறிது. பிற்காலத்தில் அது தலைகீழாயிற்று. கருவறை தாழ, வாயில் உயர்ந்தது. திருவரங்கத்துத் தெற்கு இராஜகோபுரம் 236 அடி. அதை ஆதிகாலத்தது என்று கும்பிடுகிறோம். அது முடிந்ததோ 1987-ல்! சோழர் விருந்தில் மிளகாய் வைத்துக் கதை எழுதுகிறார்கள். போர்த்துகீசியர் கொண்டு வருமுன் தமிழன் மிளகாயைக் கண்டதே இல்லை. கதாநாயகன் ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டைக் கடகடவென்று படிக்கிறான். இராசராசன் வெட்டுவித்த எழுத்தை நம்முள் பயிற்சியில்லாத எவர் படிக்கமுடியும்? எழுத்தே உருமாறிவிட்டதே!

'கதைதானே, அதிலென்ன குற்றம்?' என்பர் சிலர். நாம் கற்பனைக்கு விரோதிகளல்லோம். பறக்கும் நாகமும் பேசும் வாளும் தாராளமாக இருக்கட்டும். முற்காலத்தில் மாறுதல் மெதுவாக வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். மெதுவாக மாறுவது வேறு, மாறாதிருப்பது வேறு. ஒவ்வொரு மாறுதலுக்குப் பின்னும் ஒரு மூளையும் ஆயிரம் கைகளும் இருந்தன. தஞ்சைக் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? உலகம் மாறவில்லை என்று சொன்னால், தச்சனும் கொல்லனும் ஒன்றும் செய்யவில்லை என்றே பொருள். பிறகு மிஞ்சுகிறவர்கள் அரசர்கள் மட்டுமே. இதுவே நமது புகார்.

தொலைவில் ஏன் தேடவேண்டும்? கோலாலம்பூர் 1857-ல் ஈயம் தோண்ட வந்தவர்கள் போட்ட குடியேற்றம். அத்தாப்புக் கூரைகளை 1881-ல் முதலில் தீ தின்றது. அதே வருஷம் வெள்ளமும் வந்தது. பிறகு செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் சொன்னார்கள். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகளே பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரைத் தந்தன. 1886-ல் கிள்ளான் பக்கம் இருப்புப்பாதை ஓடிற்று. அப்பாதைகளில் வியர்வை சிந்தியவர்களில் நம்மவர் எத்தனை பேர்! அதே பிரிக்பீல்ட்ஸில் 2001-ல் சென்ட்ரல் நிலையம் திறந்தது. 1873-ல் தோன்றிய மகாமாரியம்மன் கோயிலைப் பாருங்கள். முதலில் அத்தாப்பு, 1887-ல் செங்கல், இன்றுள்ள கட்டடம் 1968-ல் முடிந்தது, கோபுரம் 1972-ல் எழுந்தது. நூறு வருஷத்தில் ஒரு கோயில் மூன்று உடல் எடுத்திருக்க, ஆயிரம் வருஷத் தமிழகம் ஓர் உடலோடு இருந்ததென்று நம்பலாமா?

நம்பினால் நட்டம் யாருக்கு? தோட்டத்துப் பிள்ளைக்கு! 'எப்போதும் இப்படித்தான்' என்ற பாடத்தை விளையாட்டிலும் சினிமாவிலும் கற்றவன், லயத்து வீட்டையும் அப்படியே எண்ணுவான். தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், அது தலைவிதி என்று எல்லோரும் முடங்கிவிடவில்லை. 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய கைகள் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. மாறும் என்று நம்பினவர்களே மாற்றினார்கள்.

ஆகவே பெற்றோர்களே, விளையாட்டைப் பிடுங்க வேண்டா. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: 'இந்தக் கோட்டையைக் கட்டியவன் யார்? அதற்கு முன் இங்கே என்ன இருந்தது?' விளையாட்டு பதில் சொல்லாது. அந்த மௌனம் எதனால் என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கினால், அதுவே நமக்குப் போதும்.