தேர்ந்தெடுக்காத விசைப்பலகை

பெங்களூரின் மென்பொருள் ஊழியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அலுவலகக் கணினிக்கான விசைப்பலகையை நாள்கணக்கில் ஆராய்ந்து வாங்குகிறார். நிரல் எழுதும் செயலியின் எழுத்துருவைக்கூடத் தாமே தெரிவு செய்கிறார். வீடு திரும்பியதும் மதுரையிலுள்ள தாய்க்குத் தமிழை உரோமன் எழுத்தில் அனுப்புகிறார். இதை மட்டும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கைப்பேசி வாங்கியபோது இருந்த விசைப்பலகை அப்படியே நிலைத்துவிட்டது.

இழப்பு சிறிதன்று. உரோமன் எழுத்தில் மனமும் மணமும் மானமும் பெரும்பாலும் ஒரே ஐந்தெழுத்துக் கோவையாகின்றன. சூழல்கொண்டு ஊகிக்கும் சுமை படிப்பவர்மீது விழுகிறது. அந்த எழுத்தே பழகாத தாயெனில், மகன் எழுதியதை அடுத்தவரிடம் கொடுத்துத்தான் படிக்கவேண்டும்.

தமிழில் தட்டுவது கடினம் என்பர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரித்தளிக்கிறது. ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'ங'வை அடுத்துக் 'க' வந்தாலும் அவ்வாறே. எனவே 'அம்மா'வுக்கு நான்கு தட்டல்கள் போதும். மொழியின் ஒலியமைதியே இங்கு விசையமைப்பாகியிருக்கிறது. ஒலிபெயர்ப்பு முறை எளிதெனில் அதுவும் ஆகட்டும். திரையில் தோன்றுவது தமிழெழுத்தாக இருப்பதே முதன்மை.

அமைப்பை மாற்றச் சில நிமிடங்கள், கை பழகச் சில வாரங்கள். பணிக்கருவியை அத்துணை ஆராய்பவர், தாய்க்கு எழுதும் கருவியையும் ஒருமுறை ஆராய்வது தகும்.