பிள்ளைகளுக்கு நம் கதையை நாமே சொல்வோம்



சென்ற மாதம் கொலன்னாவைக்குப் போயிருந்தேன். நம் தோட்டங்களில் இருந்து போய் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் குடும்பங்கள் அங்கே வாடகை அறைகளில் இருக்கின்றன. தரம் நான்கில் படிக்கும் ஒரு பிள்ளையிடம், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். "கண்டி" என்றாள். அவளுடைய தாய் பிறந்து வளர்ந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில். "தோட்டம்னு தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க டீச்சர், அதான் அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றார் அந்தத் தாய்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால், நாம் மறைத்தாலும் அந்தச் சொல் ஒருநாள் பிள்ளையின் காதில் விழத்தான் போகிறது. தன் கதையை அறியாத பிள்ளையிடம் அப்போது பதில் இருக்காது, வெட்கம் மட்டுமே மிஞ்சும்.

எதைச் சொல்வது, எப்போது சொல்வது? வயதுக்குத் தக்கபடி சொல்லலாம்.

சின்னப் பிள்ளைக்கு அப்பாயி, அம்மாயியின் பெயர், அவர்கள் கொழுந்து எடுத்த மலையின் பெயர், காமன் கூத்து, தப்புச் சத்தம் போதும்.

பத்து வயதுப் பிள்ளைக்குப் பயணத்தைச் சொல்லலாம். 1823 முதல் கோப்பித் தோட்டங்களுக்காக நம்மவர்கள் தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்டார்கள். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டப்பட்டவர்கள், மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். பசியாலும் கொலராவாலும் வழியிலேயே பலர் மாண்டார்கள். 2023இல், 200 ஆண்டு நிறைவில், தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நம் மக்கள் மீண்டும் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வளர்ந்த பிள்ளைக்குச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். 1947 தேர்தலில் வாக்களித்த மக்களை 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. நம்மை யாரும் கேட்கவில்லை. அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் போன ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். நாடற்ற நிலை முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

அழுகையோடு மட்டும் கதையை நிறுத்தினால் பிள்ளைக்குப் பயம்தான் வரும். 1940இல் முல்லோயாவில் வேலைநிறுத்தத்தின்போது சுடப்பட்ட கோவிந்தனையும், 1977இல் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து டெவனில் உயிர் கொடுத்த சிவனு லட்சுமணனையும் சொல்லுங்கள். இன்று நாம் வாக்களிப்பதும் சங்கத்தில் சேர்வதும் யாரும் போட்ட பிச்சை அல்ல.

இன்னும் இரண்டு விஷயங்களை ஒளிக்கக் கூடாது. ஆள் கட்டி வந்து கடனில் மாட்டிய கங்காணிகளும் நம்மவர்களே. லயத்துக்குள் சாதி பார்த்ததும் நாமே. அதேபோல், 1948 சட்டத்தை என்.எம். பெரேரா போன்ற சிங்கள இடதுசாரித் தலைவர்கள் எதிர்த்தார்கள். இதையும் சொன்னால்தான், பக்கத்து வாங்கில் இருக்கும் சிங்களப் பிள்ளையைப் பகையாக நினைக்காமல் நம் பிள்ளை வளரும்.

பாடப்புத்தகத்தில் நம் வரலாறு போதிய அளவு வர வேண்டும் என்று சங்கம் கேட்க வேண்டும். அதுவரை வீடுதான் பள்ளிக்கூடம். டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய பதிவுத் துண்டையும் பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் ஒருநாள் எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கேள்வி தானாக வரும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

கொலன்னாவைத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன். யோசித்துவிட்டு, "தீபாவளிக்கு லயத்துக்குக் கூட்டிட்டுப் போறேன் டீச்சர். அங்க அம்மாவையே சொல்லச் சொல்றேன்" என்றார்.

தோழர்களே, அடுத்த முறை "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், பிள்ளைக்கு முன்னால் நாம் முதலில் தோட்டத்தின் பெயரைச் சொல்வோம்.