பட்டதாரி சாணி அள்ளலாமா?

நம் சமுதாயத்தில் ஒரு பெண் பிள்ளை பல்கலைக்கழகத்திற்குப் போய்விட்டால், அவளுக்கான வேலையைச் சொந்தபந்தம் கூடி முன்பே முடிவு செய்துவிடுகிறது. மருத்துவர், வழக்கறிஞர், இல்லாவிட்டால் ஆசிரியை. நான் விலங்கியல் படிக்கிறேன் என்றதும், "மிருக டாக்டரா?" என்று தேற்றிக்கொண்டார்கள். இல்லை, மிருகக்காட்சிசாலையில் விலங்குப் பராமரிப்பாளராகப் போகிறேன் என்றபோது பெரியப்பா கேட்டார்: "ஏம்மா, யுனிவர்சிட்டியில படிச்சிட்டு யானைச் சாணி அள்ளவா போற?"

ஆம், அள்ளத்தான் வேண்டும். வளர்ந்த யானை ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்னும். அதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளிவரும். அந்தச் சாணிதான் அதன் மருத்துவ அறிக்கை. இறுகியிருக்கிறதா, நீர்த்திருக்கிறதா, நேற்றைவிடக் குறைவா என்று பார்க்கத் தெரிய வேண்டும். குடற்புழு உண்டா என்பதும், பல விலங்குகளில் சினை பிடித்திருக்கிறதா என்பதும்கூட அதைப் பரிசோதித்தால் தெரியும். விலங்குகள் நோயை மறைக்கும். காட்டில் தளர்ந்து தெரியும் விலங்குதானே முதலில் இரையாகிறது? ஆகவே மருத்துவருக்கு முன்பே, தினமும் கொட்டகையைக் கழுவுகிறவர் கண்ணில்தான் மாற்றம் படும்.

தாபிர், அதாவது மலாயில் நாம் தெனுக் என்கிறோமே, அதற்கு முதுகைத் தேய்த்துவிட்டால் மிகவும் பிடிக்கும். தொழிற்பயிற்சியின்போது நான் கண்டது இது: பராமரிப்பாளர் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க அது மெல்லச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பாதத்தைப் பார்க்கலாம், ஊசி போட்டு இரத்தமும் எடுக்கலாம். மயக்கமருந்து தேவையில்லை. ஆனால் அந்த நம்பிக்கையைப் பெற அவருக்குப் பல மாதங்கள் பிடித்தனவாம். இதை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

என் பாட்டி தோட்டத்து லயத்தில் மாடு வளர்த்தவர். சாணியைப் பார்த்தே மாட்டுக்கு என்னவென்று சொல்லிவிடுவார். அதை அறிவு என்று யாரும் மதிக்கவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய அவசரத்தில், கையால் செய்யும் வேலையெல்லாம் தாழ்ந்தது என்ற பாடத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டோம் போலும்.

இத்தொழிலில் நம்மவர் பெயர் இல்லாமலும் இல்லை. சிங்கப்பூரின் புகழ்பெற்ற ஒராங் ஊத்தான் ஆ மெங், 2008இல் இறந்தபோது ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்த வந்தனர். அதை நீண்டகாலம் பராமரித்தவர் அழகப்பசாமி செல்லையா என்ற தமிழர். நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

கூண்டில் அடைப்பதே பாவம் என்று வாதாடும் நண்பர்களும் எனக்கு உண்டு. மோசமான மிருகக்காட்சிசாலைகள் இருப்பதை நானும் மறுக்கவில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், மிருகக்காட்சிசாலைகளுக்கென்றே 2012இல் வந்த விதிகளும் உள்ளன. ஆனால் சட்டம் இரவில் வந்து தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்காது. இந்த இடம் போதாது, இந்த உணவு சரியில்லை என்று காரணத்தோடு எடுத்துச் சொல்லப் படித்தவர்கள் உள்ளே இருக்க வேண்டும். வெளியே நின்று கண்டிப்பது சுலபம்.

மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகங்கள் தாமும் இமானும் 2019இல் சபாவில் இறந்தன. தீபகற்பத்தின் காடுகளில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்கிறார்கள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் தேசிய மிருகக்காட்சிசாலை மூடப்பட்டு, பொதுமக்களிடம் நிதியுதவி கோரும் நிலை வந்தது. நாமெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்தபோதும் அங்கே விலங்குகளுக்குத் தீனி வைக்க ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

சம்பளம் குறைவுதான். தீபாவளியன்றும் வேலை இருக்கும். இவற்றைக் கணக்கிட்ட பிறகே முடிவெடுத்தேன். இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு இந்த மலர் கைக்கு வந்ததும் தெரியவரும்.