சிறு வழக்கு மன்றமும் கொல்லிமலையும்

பதிப்புரிமைத் தாவாக்களுக்கென்று சிறு வழக்கு மன்றம் ஒன்று தனியே வேண்டும் என்றும், அஃது அமைந்துவிட்டால் ஏழைப் படைப்பாளிக்கு வாசற்படியிலேயே நியாயம் கிடைக்கும் என்றும் அறிஞர் பலர் அபிப்பிராயப்படுகின்றனர். அமெரிக்காவில் 2020-இல் சட்டம் இயற்றி, 30,000 டாலர் வரையுள்ள தாவாக்களை விசாரிக்க 2022 ஜூனில் ஒரு வாரியத்தைத் திறந்தார்கள். அதுபோல் நமக்கும் வேண்டும் என்பது இவர்கள் வாதம். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். ஆயினும் கொல்லிமலையிலிருந்து பார்க்கிறவனுக்கு அதன் ஆதாரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன.

நீதிமன்றம் தூரத்தில் இருக்கிறது என்பது முதல் நியாயம். தான் பிடித்த ஆகாயகங்கை அருவியின் படத்தை எவரோ ஒரு விடுதிக்காரர் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார் என்று முறையிட விரும்பும் மலைவாசி, காரவள்ளி வரை 70 கொண்டையூசி வளைவுகளை இறங்கி நாமக்கல் போகவேண்டியிருக்கிறதே என்கிறார்கள். போகவேண்டியதுதான், ஆனால் எதிராளி சென்னையில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் மலைவாசி நாமக்கல்லைத் தாண்டவேண்டியதில்லை. வாதி வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று, சாதாரண சிவில் வழக்கில் இல்லாத சலுகையை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு ஆசிரியன் பொருட்டே அளித்திருக்கிறது. அச்சலுகையைப் பற்றிக்கொண்டவர் யார்? மும்பையில் தலைமையகம் வைத்திருந்த பாட்டுரிமைச் சங்கம் ஒன்று, மகாராஷ்டிரத்துத் திரையரங்குகளின்மேல், தில்லியில் தனக்குக் கிளை உண்டென்று சொல்லி அங்கே வழக்கிட்டது. விவகாரம் உச்சநீதிமன்றம் வரை சென்று, ஆசிரியனின் சௌகரியத்துக்காக வைத்த விதியைக் கொண்டு பிரதிவாதியை அலைக்கழிக்கலாகாது என்று 2015-இல் தீர்ப்பாயிற்று. ஏழைக்கென்று திறந்த கதவில் முதலில் நுழைந்தவர் ஏழையல்லர்.

வக்கீல் செலவு தாங்காது என்பது அடுத்த வாதம். பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. கொல்லிமலையில் வாழும் மலையாளி வகுப்பார் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். அந்த உதவி மலையேறவில்லை என்றால், அதை ஏற்றுவிக்க வேண்டுமேயன்றிப் புதிதாய் ஒரு மன்றம் கட்டுவானேன்?

சுருக்கமாக முடியும் என்பதே எல்லாவற்றிலும் வலுவானதாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அச்சம் தருவதும் அதுவே. கொல்லிமலைமேல் உள்ள செம்மேட்டில் மைக்செட் வைத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கல்யாண வீட்டு வாசலில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டி, பென்டிரைவில் இருக்கும் சினிமாப் பாட்டைப் போடுகிறார். உரிமம் இல்லாமல் போட்டீர், பணம் கட்டும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த நோட்டீஸ் பதிவுத் தபாலில் வருகிறது. கல்யாணத்திலும் சமயச் சடங்கிலும் அரசு விழாவிலும் பாட்டு வைப்பது உரிமை மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுவதை அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள்? அமெரிக்க முறையில் பிரதிவாதி 60 நாளுக்குள் விலகிக்கொள்ளலாம். வாய் திறவாமல் இருந்துவிட்டாலோ, அவர் இல்லாமலே தீர்ப்பு வழங்க இடமுண்டு. படித்தவர்களே தபாலைப் பிரிக்காமல் மேஜையில் போட்டுவைக்கும் நாட்டில் (நானும் விலக்கல்ல) மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது கொடுமை. ஆயிரம் நோட்டீஸை ஒரே நாளில் அனுப்ப வல்ல நிறுவனத்துக்கு அம்மன்றம் மலிவான வசூல் இலாகா ஆகிவிடும். கொல்லிமலையான் அங்கே வாதியாய் நிற்பதைவிடப் பிரதிவாதியாய் நிற்பதே அதிகமாயிருக்கும்.

மலைமக்களின் பாட்டும் கதையும் காப்பாற்றப்படுமே என்பாரும் உளர். ஆசிரியர் பெயர் தெரியாமல் தலைமுறை தலைமுறையாய் வந்த பாட்டுக்கு, ஆசிரியன் இறந்து 60 ஆண்டு என்று கணக்கிடும் சட்டத்தில் இடம் காண்பது அரிது. மன்றம் சிறிதானாலும் பெரிதானாலும் அது மாறாது.

தனி வாரியம் நமக்குப் புதிதுமன்று. பதிப்புரிமை வாரியம் என்று ஒன்று இருந்தது. 2017-இல் அதை அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தில் சேர்த்தார்கள். 2021-இல் அதையும் கலைத்தார்கள்.

சிறிய தாவாக்களுக்கு மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. இரு தரப்பாரும் ஒப்பினால்தான் அங்கே முடிவு. முடிவானால் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமானம். அதற்கு மேலும் புதிய மன்றம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவருகிறவர்கள், பிரதிவாதி வாய்விட்டுச் சம்மதித்தாலன்றி விசாரணை இல்லை என்றும், வராதவர்மேல் ஒருதலைத் தீர்ப்பு இல்லை என்றும் முதல் பிரிவிலேயே எழுதட்டும். எழுதாத மசோதாவை நம் பிரதிநிதிகள் எதிர்த்து வாக்களிக்க வேண்டும்.