இரண்டு மணி நேர ஊட்டி

"நான் ஊட்டி பார்த்தாச்சும்மா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார் என் மாமியார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அத்தை ஊட்டிக்குப் போனதாக ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை.

"எப்போ அத்தை போனீங்க?"

"உன் வீட்டுக்காரர் நாலாங்கிளாஸ் படிக்கறப்போ. ஒரு மே மாசம். நாலு நாள் இருந்தோம்."

"என்னென்ன பார்த்தீங்க?"

அத்தை சற்று யோசித்தார். "ஒரு தைலமரம். சமையல்கட்டு ஜன்னலுக்கு நேரே நின்னுது" என்றார்.

விஷயம் இதுதான். உறவினர்கள் பதினான்கு பேர் சேர்ந்து போயிருக்கிறார்கள். ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது என்று சமையல்கட்டோடு கூடிய ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். குளிர்ப் பிரதேசமல்லவா? எல்லோருக்கும் பசி இரண்டு மடங்கு! காலையில் அவர்கள் ஏரிக்குக் கிளம்பினால், அத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்குவார். சாப்பிட்டுவிட்டுப் பூங்காவுக்குக் கிளம்பினால், இவர் பாத்திரம் துலக்கிவிட்டு இரவுக்கு மாவு பிசைவார். நாலாம் நாள் "நீயும் வாயேன்" என்று யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பார்த்து மழை!

இதை அத்தை குறையாகச் சொல்லவில்லை. ஏதோ பக்கத்து வீட்டுக் கதையைப் போலச் சொல்லிவிட்டுப் புளி கரைக்கப் போய்விட்டார். எனக்குத்தான் தொண்டையில் என்னவோ அடைத்தது.

அன்று இரவே மூன்று டிக்கெட்டுகள் வாங்கிவிட்டேன்: அத்தை, என் பெண், நான். வீட்டைப் பார்த்துக்கொள்வது தம் பொறுப்பு என்று என் கணவர் வீரமாகச் சொன்னார். ரவை எந்த டப்பாவில் இருக்கிறது என்று அப்புறம் ரகசியமாகக் கேட்டார்.

சென்னையில் இரவு ரயில் ஏறினால் விடிந்ததும் மேட்டுப்பாளையம். அங்கே மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்பி ஏறக்குறைய 12 மணிக்கு ஊட்டி போய்ச் சேருகிறது. அதே ரயில் 2 மணிக்குத் திரும்புகிறது. ஆக, ஐந்து மணி நேரம் ஏறி, மூன்றரை மணி நேரம் இறங்கினால், ஊட்டியில் நமக்குக் கிடைப்பது இரண்டே மணி நேரம்! "இதற்குப் போகவும் வேண்டுமா?" என்று கேட்ட என் கணவரே, அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஏரிப் படகு, தாவரவியல் பூங்கா, ரோஜாத் தோட்டம், தொட்டபெட்டா சிகரம் என்று ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்தார்.

நான் அத்தைக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். சமைத்து எதுவும் எடுத்து வரக்கூடாது. அத்தையும் தலையை ஆட்டினார். கல்லாறு ஸ்டேஷன் தாண்டியதும் கைப்பைக்குள்ளிருந்து ஒரு தூக்கு வெளியே வந்தது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி! "குழந்தைக்குப் பசிச்சா என்ன பண்றது?" என்றார். நிபந்தனை தோற்றது. இட்லி என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாதுவாகப் போகிற ரயில், அதற்கப்புறம் மலையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயருகிற செங்குத்து அது! எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 16 குகைகள், 208 வளைவுகள். ஒவ்வொரு குகையிலும் குழந்தைகள் போட்ட கூச்சலில் அத்தையின் குரலும் கலந்திருந்ததை நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. நாங்கள் தேநீர் குடித்தோம். அத்தை டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "யாரோ போட்டுக் கொடுக்கற டீ எவ்வளவு நல்லா இருக்கு!" என்றார்.

வழியிலுள்ள ஸ்டேஷன்களின் பெயர்களைப் பாருங்கள்: ஹில்குரோவ், ரன்னிமேடு, வெலிங்டன், லவ்டேல். எல்லாம் வெள்ளைக்காரர் வைத்த பெயர்கள். தோடர்களும் கோத்தர்களும் படகர்களும் வாழ்ந்த அந்த மலைக்கு, கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ல் ஏறினார். சமவெளி வெயிலில் வாடிய அவருக்கு அந்தக் குளிர் சொந்த ஊரை நினைவூட்டியதில் ஆச்சரியமில்லை. 1822-ல் அங்கே தமக்கென்று வீடு கட்டத் தொடங்கினார். ஊர் ஜனங்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். ஏரியை வெட்டச் செய்தவரும் அவரே. பிற்பாடு கோடை வந்தால் சென்னை ராஜதானியின் சர்க்காரே கட்டுக் கட்டாகக் காகிதங்களுடன் ஊட்டிக்குக் குடிபோவது வழக்கமாயிற்று.

குன்னூருக்கு ரயில் வந்தது 1899-ல். ஊட்டி வரை நீண்டது 1908-ல். அதற்கு முன்னால் துரைகளும் துரைசானிகளும் குதிரையிலும் டோலியிலும் மாட்டு வண்டியிலும் ஏறினார்கள். டோலியைத் தூக்கியவர்கள் யார்? மேலே போய் அடுப்பு மூட்டிய சமையற்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்ட ஆயாக்கள் யார்? ஓய்வுக்காக ஒருவர் மலையேறினால், அவருக்கு வேலை செய்யப் பலர் மலையேற வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் 1947-ல் போய்விட்டான். அந்த ஏற்பாடு மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டதோ என்று எனக்குத் தோன்றிற்று.

ஊட்டியில் இறங்கியதும் பட்டியலை எடுத்தேன். "அத்தை, எங்கே போகலாம்?"

"உனக்கு எது இஷ்டமோ..."

"இல்லை, நீங்கதான் சொல்லணும்."

அத்தை திகைத்துப் போனார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலும். கடைசியில் தயங்கித் தயங்கி, "எங்கேயாவது சும்மா உட்காரலாமா?" என்றார்.

பட்டியல் பைக்குள் போயிற்று. ஆட்டோ பிடித்துத் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1848-ல் மக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் உருவாக்கத் தொடங்கிய பூங்கா அது. இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய கல்மரம் ஒன்று அங்கே இருக்கிறது. என் பெண் அதைப் பார்க்க ஓடினாள். அத்தை ஒரு பெஞ்சியில் சால்வையைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். புல்தரையைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஒன்றுமே செய்யவில்லை.

அப்புறம், "அந்தத் தைலமரம் இந்த ஊர் மரந்தானே?" என்று கேட்டார்.

"இல்லை அத்தை. ஆஸ்திரேலியா மரம். இங்கே இருந்த சோலைக் காடுகளை வெட்டி எரிச்சதும் விறகுப் பஞ்சம் வந்தது. சீக்கிரம் வளருமேன்னு வெள்ளைக்காரங்க நூற்றெழுபது, நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னாடி கொண்டு வந்து நட்டாங்க."

"அப்போ அதையும் அடுப்புக்காகத்தான் கூட்டிட்டு வந்தாங்களா!" என்று சொல்லி அத்தை சிரித்தார், பாருங்கள்! கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

சகோதரிகளே, நீங்களும் போவதானால் சில குறிப்புகள். மலை ரயிலில் இடம் குறைவு; வெகு நாள் முன்பே டிக்கெட் வாங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து ரயில் நின்றுவிடுவதுண்டு, விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். காரில் போகிறவர்களுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. அதையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்கு அங்கே தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், நான்கு நாள் வீடு எடுத்துத் தங்குவதென்றால், அடுப்பு மூட்டப் போவது யார் என்பதை வீட்டிலேயே பேசித் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாங்கள் ஊர் திரும்பியதும், "பட்டியலில் எத்தனை பார்த்தீங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"எல்லாம் பார்த்தாச்சு" என்றார் அத்தை, வர்க்கிப் பொட்டலத்தை மகனிடம் நீட்டியபடி.

மறுநாள் காலை. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு அத்தை மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கொடைக்கானலுக்கும் இந்த மாதிரி ரயில் உண்டா?"

"இல்லை அத்தை. கொடைக்கானல் ரோடோடு ரயில் நின்னுடும். அப்புறம் பஸ்தான்."

"பஸ்ஸும் பரவாயில்லை" என்றார் அத்தை.