கதையை யாரிடம் காட்டுவது?

"கதை எழுதி வச்சிருக்கேன் அக்கா, யார்கிட்ட காட்டுறதுன்னு தெரியல." வேலைக்காகக் கோலாலம்பூரில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்பது இது. வீட்டில் காட்டினால் அம்மா கண்கலங்குவார், அண்ணன் சிரிப்பான். இரண்டாலும் கதைக்கு ஒரு பயனும் இல்லை.

நான்கைந்து பேராகச் சேருங்கள் என்பேன். கோலகுபு பாருவை ஒட்டிய அம்பாங் பெச்சாவில் நாங்கள் ஆறு பேர், மாதத்தில் ஒரு ஞாயிறு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் கூடுகிறோம். (1883-இல் அணை உடைந்ததால் இந்த ஊருக்கு வந்த பெயர் அது. வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஒரு கதை உண்டு. எங்களில் மூவர் அதை எழுதிவிட்டார்கள். போதும் என்று சொல்லியிருக்கிறோம்!)

கதையை ஒரு வாரம் முன்பே எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. 'நல்லா இருக்கு' என்றால் எந்த வரி என்று காட்ட வேண்டும். பொன்னாடை கிடையாது. படிக்காமல் வந்து பாராட்டுகிற கூட்டத்துக்குப் போவதைவிட வீட்டில் தூங்கலாம்.

இது நமக்குப் புதிதல்ல. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம். எழுத விரும்பியவர் ஊரைவிட்டு வர வேண்டியதில்லை. வகுப்பே பத்திரிகையோடு அவரைத் தேடிப் போனது. பின்னர் 1952 முதல் 1957 வரை அதே நாளிதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் நடத்தினார். நம் மூத்த எழுத்தாளர்கள் பலர் இப்படிக் கூடிப் பேசி வளர்ந்தவர்கள்தாம்.

இன்று அவசரம் வேறு. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் பாட்டி சொன்னதை வைத்துத் தோட்டக் கதை எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் சரிபார்க்க ஆள் வேண்டுமே?

எங்கள் கூட்டத்துக்கு ஒரு பாட்டி வருகிறார். எழுதப் படிக்கத் தெரியாது. நாற்பது வருடம் பால்மரம் சீவியவர். போன மாதம் ஒரு பெண் தன் கதையைப் படித்தாள். உச்சி வெயிலில் நாயகி மரம் சீவுகிறாள், வியர்வை மங்கில் சொட்டுகிறது. அழகான வரிதான். பாட்டி கேட்டார்: "ஏம்மா, மத்தியானத்துல எவ மரம் சீவுவா?"

விடியுமுன் பெரட்டு, இருட்டிலேயே சீவல். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். உச்சிப் பொழுதுக்குள் பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்திருப்பார்கள். மழை பெய்தால் வேலையே இல்லை, அன்றைய கூலியும் இல்லை. பாட்டி இதைச் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. அந்தப் பெண் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். மழை நாளில் அடுப்பில் என்ன வெந்தது என்று அவள் கேட்டதும் பாட்டிக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "மரவள்ளி," என்றார்.

அடுத்த கூட்டத்துக்குத் திருத்திய கதை வருகிறது. தலைப்பை 'மரவள்ளி' என்று மாற்றியிருக்கிறாள். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. பாட்டி இன்னும் கேட்கவில்லை.